உளவியல் ஆலோசனை: கராஜில் நிற்கிறது என் நாடக வண்டி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 44 வயது. ரொறன்ரோவில் இருக்கிறேன். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து பெற்றோருடன் வந்தவள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்ல வராது. ஷேக்ஸ்பியருக்கு முந்திய ஆங்கில நாடகங்களைப் படிப்பிக்கிறேன், மேடையேற்றுகிறேன். மேடை என்றால் சக்கரம் வைத்த வண்டி.

1998 ஜூனில் இது தொடங்கியது. அப்போது எனக்கு 17 வயது. இங்கிலாந்தின் யோர்க் நகரத்தில் இடைக்காலத்தில் போட்ட விவிலிய நாடகங்கள் அத்தனையையும் ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே நாளில் நடித்தார்கள். உலகப் படைப்பில் தொடங்கி இறுதித் தீர்ப்பு வரை 47 சிறு நாடகங்கள். வண்டி வரும், நிற்கும், நடிப்பார்கள், அடுத்த இடத்துக்கு உருண்டு போகும். பின்னால் இன்னொன்று வரும். நூலகத்துக்குப் போகிற வழியில் பத்து நிமிடம் பார்ப்போம் என்று நின்றவள், இருட்டிய பிறகும் நகரவில்லை. வீட்டில் அம்மா அடிக்காத குறை.

இந்த நாடகங்களை அந்தக் காலத்தில் போட்டவர்கள் நடிகர்கள் அல்ல, அந்தந்தத் தொழில் செய்கிறவர்களின் சங்கத்தார். நோவாவின் பேழையைக் கட்டுகிற நாடகம் கப்பல் கட்டுகிறவர்களுக்கு, கடைசி இராவுணவு ரொட்டி சுடுகிறவர்களுக்கு, சிலுவையில் அறைவது ஆணி செய்கிறவர்களுக்கு. 1415ஆம் ஆண்டு நகர அறிவிப்பின்படி நடிகர்கள் காலை நாலரைக்கெல்லாம் தயாராக நிற்க வேண்டும். இறுதித் தீர்ப்பைப் போட்ட வணிகர் சங்கத்தின் சாமான் பட்டியல் ஒன்று 1433இலிருந்து இருக்கிறது. நாலு சக்கர வண்டி, நரகத்தின் வாய், பிசாசுகளுக்கு மூன்று உடுப்பு, கடவுள் மேலே ஏறிப் போக நாலு மூலையிலும் கயிறு கட்டிய இரும்பு இருக்கை, வானத்தில் ஓடுவதற்குச் சிவப்புச் சாயம் பூசிய ஒன்பது சின்னச் சம்மனசுகள் (தேவதூதர்கள்), அவற்றை ஓட வைக்க நீளமான மெல்லிய கயிறு ஒன்று. அந்தக் கயிற்றைப் படித்த அன்றே நான் இந்தத் துறையில் விழுந்துவிட்டேன். என் கலாநிதிப் பட்ட ஆய்வும் அந்த வண்டிகளைப் பற்றியதுதான்.

ஐந்து வருடத்துக்கு முன் மாணவர்களோடு சேர்ந்து ஒரு வண்டி கட்டி, ஆணிக்காரர்களின் நாடகத்தைப் போட்டோம். அதில் நாலு சேவகர்கள். சிலுவையில் துளைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டார்கள், கை எட்டவில்லை, கயிறு கட்டி இழுக்கிறார்கள். தூக்கும்போது தோள் போச்சுது என்று புலம்புகிறார்கள். வாசிக்கும்போது இது கொடூரமான பகிடியாக இருக்கும். நாங்கள் உண்மையாகவே ஒரு ஆளை மரத்தோடு கட்டித் தூக்கினபோதுதான் தெரிந்தது, அந்தப் புலம்பலில் பாதி நடிப்பே இல்லை. பாரம் அப்படி. தூக்கும்வரை சபைக்கு அவர் உடம்பே சரியாகத் தெரியாது, வேலையாட்களின் முதுகுதான் தெரியும். அம்மாவும் பார்க்க வந்திருந்தா. ஊரில் பெரிய வெள்ளிக்கு முதல் பாடுகளின் நாடகம் பார்த்து வளர்ந்தவ. முடிந்ததும், "சரியாத்தான் செய்திருக்கிறாய் பிள்ளை. ஆணி அடிக்கிறவனுக்கு அது ஒரு நாள் கூலி வேலைதானே" என்றா. என் ஆய்வைப் பற்றி யாரும் எழுதாத நல்ல மதிப்புரை அது.

ஆனால் இதெல்லாம் கணக்கில் வராது. விண்ணப்பங்களில் வெளியீடுகளுக்கு இடம் இருக்கும், வண்டிக்கு இருக்காது. ஒரு நாடகத்துக்கு எட்டு மாதம் போகிறது, அந்த எட்டு மாதத்தில் மற்றவர்கள் இரண்டு கட்டுரை எழுதிவிடுகிறார்கள். பதினொரு வருடமாகத் தவணைக்குத் தவணை ஒப்பந்தத்தில் படிப்பிக்கிறேன். அடுத்த தவணை வகுப்பு உண்டா என்பது ஒகஸ்ட் கடைசியில்தான் தெரியும். நிரந்தர வேலைக்கு நாலு இடத்தில் கடைசிச் சுற்று வரை போனேன். ஒரு இடத்தில், "உங்கள் ஆட்களின் நாடகத்தை ஏன் ஆராயவில்லை?" என்று கேட்டார்கள். சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் என்னையே திட்டுகிறேன்.

இப்போது ஒரு பொது நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் முழுநேர வேலை கிடைத்திருக்கிறது. பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்ததால் கிடைத்தது. சம்பளம் இப்போதையதைவிட ஒன்றரை மடங்கு, ஓய்வூதியம், மகளின் பல்லுக்குக் காப்புறுதி, ஐந்து மணிக்கு வீடு. மூன்று கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆறு கிழமையாக விடிய மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது. மின்னஞ்சல் திறக்கப் பயமாக இருக்கிறது. சில காலைகளில் எழும்பாமலே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. கராஜில் நிற்கிற வண்டியைப் பார்க்காமல் பக்கக் கதவால் போகிறேன். வேலையை எடுத்த பிறகு அந்த வண்டியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அந்தக் காலத்து யோர்க்கில் கடைசியாக இந்த நாடகம் நடந்தது 1569இல். ஆனால் அது கடைசி என்று அன்று யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்து, பிரதியைத் திருத்துவதற்குப் பேராயரிடம் கொண்டுபோக வேண்டும் என்று நகரசபை முடிவெடுக்கிறது. 1580இல் நாடகம் வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள். அவ்வளவுதான். தடை என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். இப்போது படிப்பிக்க முடியவில்லை.

தயவுசெய்து, "ஆணிக்காரர்களும் வேறு தொழில் செய்துகொண்டுதானே நடித்தார்கள், நீங்களும் அப்படிச் செய்யலாமே" என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, சங்கத்தில் நாடக வரி பிரித்தார்கள். என்னிடம் இருப்பது கராஜ். அதுவும் கணவர் மூன்று வருடமாகக் காரைப் பனியில் விட்டுவிட்டுத் தந்தது.

நான் போனால் அது துரோகமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ரொறன்ரோ

—

அன்புள்ள சகோதரிக்கு,

நாடகத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். எழும்பாமலே இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு வரி எழுதி, உடனே வண்டிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படித் தாண்டிப் போக முடியாது. அது களைப்பில் வருகிற எண்ணமா, செத்துப்போக வேண்டும் என்ற எண்ணமா? நேரில் இருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். இந்தக் கேள்வியைக் கேட்பதால் அந்த எண்ணம் வளராது, பயப்பட வேண்டாம். பதில் இரண்டாவது என்றால், அல்லது இரண்டுக்கும் நடுவில் என்றாலும்கூட, இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். கனடாவில் 988 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், கட்டணம் இல்லை. முதலாவது என்றாலும் இந்தக் கிழமையே குடும்ப வைத்தியரைப் பாருங்கள். ஆறு கிழமை மூன்று மணி முழிப்பு, அதோடு பயம், ஒதுங்குதல் என்று வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. வேலை முடிவு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். தூக்கமில்லாத மூளை எந்த முடிவையும் துரோகம் என்றுதான் சொல்லும்.

சரி, இப்போது 1580க்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகத் தெரிந்தது அந்தப் பத்திதான். தடை வந்திருந்தால் அழலாம், கோபப்படலாம், திட்டலாம். யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன செய்வது? காத்திருக்கத்தான் முடியும். உங்களுக்கு அது வருடத்துக்கு ஒரு தரம், ஒகஸ்ட் மாதத்தில், பதினொரு முறை நடந்திருக்கிறது. யாரும் உங்களை வேலையை விட்டு நீக்கவில்லை. யாரும் வைத்துக்கொள்ளவும் இல்லை.

இந்த மாதிரி இழப்புக்கு பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு பெயர் வைத்தார். தமிழில் முடிவு தெரியாத இழப்பு என்று சொல்லலாம். போரில் காணாமற்போன படைவீரர்களின் குடும்பங்களைப் பார்த்துத்தான் அவர் அதை எழுதத் தொடங்கினார். அது எப்படிப்பட்ட வேதனை என்று நம் ஊர்த் தாய்மாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. உங்கள் வேலையை அவர்களின் துயரத்தோடு நான் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. ஆனால் மனம் மாட்டிக்கொள்கிற விதம் ஒன்று. போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அதனால் துக்கம் தொடங்கவே இடமில்லை. தொடங்காத துக்கத்தைச் சிலர் சோம்பல் என்பார்கள், சிலர் கோழைத்தனம் என்பார்கள். நீங்கள் துரோகம் என்கிறீர்கள்.

யாருக்குத் துரோகம்? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். துரோகம் செய்யப்படுகிறவர் என்று ஒருவரையாவது கண்டுபிடிக்க முடியவில்லை. மாணவர்களா? நீங்கள் போனால் அவர்களுக்கு வருத்தம் இருக்கும், அது உண்மை. துறையா? அதற்கு உங்கள் வண்டியை எந்தப் பெட்டியில் எழுதுவது என்றே தெரியவில்லையே. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறென்றால் தள்ளிவிடுங்கள். அந்த ஆள் 1998இல் பத்து நிமிடம் நிற்க நினைத்து இரவு வரை நின்ற பெண். அவளுக்கு நீங்கள் ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அது என்ன வாக்கு, பேராசிரியர் ஆவதா? 17 வயதில் அவளுக்கு அந்தப் பதவியெல்லாம் தெரிந்திருக்குமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

முடிவைச் சொல்வது ஆலோசகரின் வேலை இல்லை. ஆனால் நீங்களே சொல்லிவிட்டதைச் சுட்டிக்காட்டலாம். "வேலையை எடுத்த பிறகு" என்று எழுதியிருக்கிறீர்கள். "எடுத்தால்" என்று எழுதவில்லை. ஒரு எழுத்துப் பிழைக்காகக் கையெழுத்துப் பிரதிகளை மணிக்கணக்கில் பார்க்கிறவர் நீங்கள். இதையும் அப்படிப் பாருங்கள். காப்பக வேலையைப் பற்றி எழுதும்போது சம்பளம், ஓய்வூதியம், மகளின் பல், ஐந்து மணி என்று ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறீர்கள். ஒப்பந்த வேலையைப் பற்றி எழுதும்போது விருப்பமாக ஒரு வார்த்தைகூட வரவில்லை. விருப்பமெல்லாம் கயிற்றின் மேலும் பாரத்தின் மேலும்தான். அது ஒப்பந்தத்தில் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை.

ஆணிக்காரர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொன்னது சரி. உறவினர்கள் ஆறுதலுக்குச் சொல்கிற கதை அது, அதற்குள் பணம் எங்கிருந்து வந்தது என்பது இருக்காது. அதனால் இரவில் ஆராய்ச்சி செய்கிறேன், சனி ஞாயிறில் நாடகம் போடுகிறேன் என்ற வாக்கெல்லாம் இப்போது யாருக்கும் கொடுக்க வேண்டாம், உங்களுக்கே கூட. ஒரு வருடம் அப்படியே விடுங்கள். அந்த வருடத்தில் கை அரித்தால் அரிக்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

செய்யச் சொல்வது ஒன்று உண்டு. ஒப்பந்தம் தானாகக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். துறைத் தலைவருக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதுங்கள்: வரும் தவணையிலிருந்து என்னால் படிப்பிக்க இயலாது, இதுவரை தந்த வகுப்புகளுக்கு நன்றி. காரணம் எழுத வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். ஆவணங்களில் வாழ்கிறவர் நீங்கள், உங்கள் முடிவுக்கும் ஒரு ஆவணம் இருக்கட்டும். அதை அனுப்பிய இரவு நன்றாக அழுகை வரலாம். வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆறு கிழமையாக அடைபட்டு நிற்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சிரிப்பு விஷயம்: அப்படிக் கேட்டவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். வேலை கேட்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில் சிரிக்காமல் வேறு என்ன செய்திருப்பீர்கள்? சுடச்சுடப் பதில் சொல்லியிருந்தால் அதற்கும் உங்களைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் அவர் வருகிற இடங்கள் எல்லாம் பழைய கதைதான். தொலைபேசியில் வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள். பிள்ளை படித்த படிப்பு வீணாகிறதே என்று முதலில் ஒரு மூச்சு அழக்கூடும். ஆனால் கூலி வேலையைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது, உங்களை நேர்முகம் கண்டவர்களுக்கும் தெரியாது.

வண்டியை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கழற்றுவதா, மாணவர்களுக்குக் கொடுப்பதா, இன்னும் ஒரு பனிக்காலம் அங்கேயே விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கணவரிடம் கேளுங்கள். மூன்று வருடமாகக் காலையில் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டுகிறவர் அவர்தான். இதுவரை அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.