சிஎன்சி ரூட்டரில் படி, அலை, பிசிறு: கேள்வி பதில்

சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரம், கல்லைச் செதுக்கும் மெஷின்) பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பட்டறைக்காரர்கள் அனுப்பிய கேள்விகள். செட்டிங்கை மாற்றுவதற்கு முன்னால் ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

பாலக்கோடு: அண்ணா, 25 மி.மீ. சர்ஃபேசிங் டூலில் (மேற்பரப்பைச் சீவும் டூல்) எம்டிஎஃப் பெட்டை (வேலைப்பொருளை வைக்கும் மரநார்ப் பலகை மேடை) லெவல் பண்ணினேன். ஒவ்வொரு வரியிலும் நகத்தில் தட்டுகிற மாதிரி படி விழுகிறது. டூல் மாற்றியும் போகவில்லை.

டூல் மேல் தப்பில்லை தம்பி, ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் மோட்டார்) சாய்ந்திருக்கிறது. எக்ஸ் (இடம்-வலம்) வாக்கில் ஓட்டும்போது படி விழுந்தால் சாய்வு ஒய் (முன்-பின்) பக்கம். ஒய் வாக்கில் ஓட்டும்போது விழுந்தால் எக்ஸ் பக்கம்.

பெட் மேலே 6 மி.மீ. கண்ணாடி ஒன்றை வையுங்கள். பெட்டே மேடுபள்ளமாக இருக்கும், அதை நம்பி அளக்கக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டயல் கேஜை (நுண்ணிய உயர வித்தியாசம் காட்டும் முள் அளவி) ஸ்பிண்டிலில் பிடித்து 200 மி.மீ. விட்டமுள்ள வட்டமாகக் கையால் சுற்றுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் 0.10 மி.மீ. வித்தியாசம் வந்தால், 25 மி.மீ. டூலில் படி சுமார் 0.0125 மி.மீ. உங்களுக்கு நகத்தில் தட்டுகிறதென்றால் இதைவிட அதிகமாகவே இருக்கும்.

முன்பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிண்டில் மவுண்டின் கீழ்ப் போல்ட்டுகளுக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) கொடுங்கள். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் மேல் போல்ட்டுகளுக்கு. மேல், கீழ் போல்ட்டுக்கு நடுவே 100 மி.மீ. இருந்தால், அந்த 0.10-க்கு 0.05 ஷிம் போதும். பக்கவாட்டுச் சாய்வுக்கு ஷிம் தேவையில்லை; போல்ட்டைத் தளர்த்தி பிளேட்டைத் திருப்பினால் போதும். இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போதே நகரும். எல்லாம் முடிந்ததும் பெட்டை 0.3 மி.மீ. சீவிவிடுங்கள்.

அவரே: டயல் கேஜ் இல்லையே?

கோலெட்டில் (ஸ்பிண்டிலில் டூலைக் கவ்வும் பிடி) வளைத்த கம்பியைப் பிடியுங்கள். ஒரு பக்கம் கம்பி முனைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சாதா ஏ4 தாள் லேசாக உரசி நகரும்படி இசட்டை (மேல்-கீழ் அச்சு) இறக்குங்கள். தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. கம்பியை எதிர்ப்பக்கம் திருப்பும்போது தாள் சிக்கினாலோ, லொடலொடவென்று போனாலோ சாய்வு தெரிந்துவிடும். கேஜ் அளவுக்குத் துல்லியம் வராது, ஆனால் வேலை நடக்கும்.

காவேரிப்பட்டணம்: தேக்குத் தலைவாசல் கதவில் குறுக்கே வரிவரியாக அலை. சாண்டிங்குக்கே அரை நாள் போகிறது.

10 அலையை ஒன்றாக அளந்து 10-ஆல் வகுங்கள். 3.93 மி.மீ. வந்தால் 1.25 மாட்யூல் (பல்லின் அளவு) ரேக்கின் (மெஷின் நகர உதவும் பல் பட்டை) பல் இடைவெளி அது. 1.5 மாட்யூல் என்றால் 4.71. ரேக் பல்லில் மரத்தூள் கெட்டித்துப் போயிருக்கும். பிரஷ் போட்டு எடுங்கள். பினியன் (ரேக்கில் ஓடும் பல்சக்கரம்) கிரப் ஸ்க்ரூ, பல் தேய்மானம், ரேக்கோடு அழுத்தும் ஸ்பிரிங், மூன்றையும் பாருங்கள். ரேக்குக்குப் பதில் பால் ஸ்க்ரூ (மரைத்தண்டு) உள்ள மெஷினில் 5 அல்லது 10 மி.மீ.க்கு ஒரு அலை வந்தால், கோளாறு ஸ்க்ரூவில் அல்லது அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கில்.

சந்தேகம் தீர, அதே மரத்தில் ஃபீடை (டூல் நகரும் வேகம்) பாதியாக்கி ஒரு வரி ஓட்டுங்கள். இடைவெளி மாறவில்லை என்றால் ரேக், ஸ்க்ரூ சமாச்சாரம். இடைவெளியும் பாதியானால் அதிர்வு: டூல் நீளமாகத் தொங்குகிறது, மரம் சரியாகப் பிடிபடவில்லை, அல்லது கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குப் பாலம்) போல்ட் தளர்ந்திருக்கிறது.

அரூர்: வேப்பமரத்தில் ஓரம் கருகுகிறது. 6 மி.மீ. டூல், இரண்டு ஃப்ளூட் (வெட்டும் பல்), 18,000 ஆர்பிஎம், ஃபீட் நிமிடத்துக்கு 900 மி.மீ.

18,000 சுற்று, இரண்டு பல் என்றால் நிமிடத்துக்கு 36,000 வெட்டு. 900-ஐ 36,000-ஆல் வகுத்தால் ஒரு பல் எடுப்பது 0.025 மி.மீ. அது வெட்டுவது இல்லை, தேய்ப்பது. 14,000 ஆர்பிஎம், ஃபீட் 2,000, ஒரு பாஸுக்கு 3 மி.மீ. என்று தொடங்குங்கள், பல்லுக்கு 0.07 வரும். கருகிய டூலை அப்படியே போட்டு டெஸ்ட் பண்ணாதீர்கள், முனை ஏற்கெனவே மழுங்கியிருக்கும். பிசிறும் சேர்ந்து வந்தால் மரம் காய்ந்ததா என்று பாருங்கள். பச்சை மரத்துக்கு எந்த செட்டிங்கும் கைகொடுக்காது.

பர்கூர்: கருப்பு கிரானைட்டில் பெயர் வெட்டும்போது ஒரு எழுத்து தடி, அடுத்தது மெலிசு.

பலகையின் கனம் ஒரே அளவில் இல்லை. 90 டிகிரி வி டூலில் ஆழம் 0.3 மாறினால் கோட்டின் அகலம் 0.6 மாறும். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என ஐந்து இடத்தில் இசட் தொட்டுப் பாருங்கள். கன்ட்ரோலரில் ஹைட் மேப் (மேற்பரப்பின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஆழத்தைச் சரிசெய்வது) வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கல்லுக்கு அடியில் ஷிம் கொடுத்து மேற்பரப்பைச் சமன் செய்யுங்கள். தண்ணீர் டூல் முனையிலேயே விழ வேண்டும்.

ஊத்தங்கரை: வேலை ஓட ஓட ஆழம் கூடிக்கொண்டே போகிறது சார்.

அப்கட் டூல் (தூளை மேலே இழுக்கும் டூல்) கோலெட்டிலிருந்து இறங்குகிறது. ஷாங்கில் (டூலின் தண்டு) மார்க்கர் கோடு போட்டு ஓட்டுங்கள், கண்ணெதிரே தெரியும். கால் அங்குலக் கோலெட்டில் 6 மி.மீ. ஷாங்க் போட்டிருக்கிறீர்களா? கால் அங்குலம் 6.35. அந்த 0.35-தான் காரணம். அளவு சரியென்றால் கோலெட்டைக் கழுவி, முதலில் நட்டில் 'டக்'கென்று மாட்டி, பிறகு டூலைச் செருகுங்கள்.

ஓசூர்: 6 மி.மீ. பால் நோஸ் (உருண்டை முனை டூல்), ஸ்டெப்ஓவர் (வரிக்கு வரி நகரும் தூரம்) 1 மி.மீ. கோடு தெரிகிறது.

தெரியத்தான் செய்யும், மேடு 0.04 மி.மீ. நிற்கும். ஸ்டெப்ஓவரை 0.5 ஆக்கினால் மேடு 0.01 ஆகிவிடும், நேரம் இரட்டிப்பாகும். சாண்டிங் கூலியோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.