கிளிமஞ்சாரோவுக்கு நிதி திரட்டி நடக்கப் போகிறீர்களா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்கு 2012, 2016, 2023 என்று மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்றுமே நன்கொடை திரட்டுவதற்காகப் போன நடைகள். இரண்டு தடவை உச்சி தொட்டேன். நடுவில் ஒரு தடவை நள்ளிரவில் திருப்பி இறக்கிவிட்டார்கள். பிழைப்புக்கு லண்டனில் மருந்தாளுநர் வேலை. இதைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா என்று போன வாரம் வாயைத் திறந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஹாரோவிலிருந்து ஒருவர்: "பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள், 4,000 பவுண்ட் திரட்டுங்கள், கிளிமஞ்சாரோ போகலாம் என்று ஒரு தொண்டு நிறுவனம் சொல்கிறது. அப்போ பயணச் செலவு யாருடையது?"

உங்களுக்கு நன்கொடை கொடுப்பவர்களுடையது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வார்கள், நான் நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திரட்டும் 4,000-இல் இருந்துதான் விமான டிக்கெட், மலைக் கட்டணம், கைடு கூலி எல்லாம் போகும். மிச்சம்தான் நோயாளிக்கோ பள்ளிக்கோ.

2012-இல் நான் இப்படித்தான் போனேன். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா 20 பவுண்ட் கொடுத்தார். போய் வந்து போட்டோ காட்டினேன். எல்லாம் பார்த்துவிட்டு, "அப்போ என் காசுல பாதியிலதான் நீ ஊர் சுத்திட்டு வந்தியா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இன்றைக்கும் எனக்கு அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவையும் என் செலவை நானே கட்டினேன். பெரும்பாலான நிறுவனங்கள் அந்த வழியையும் வைத்திருக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். இதில் இன்னொரு லாபம் உண்டு. பிரிட்டனில் வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகையாக 25 பென்ஸ் தொண்டு நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் பயணச் செலவை நிறுவனம் ஏற்றால், நீங்களோ, உங்கள் மனைவி, அப்பா அம்மா, அண்ணன் தங்கையோ கொடுக்கும் பணத்துக்கு அது கிடைக்காமல் போய்விடும். குடும்பத்துக்கே பலன் போகிறது என்று வரித்துறை பார்க்கும். நம் ஆட்களுக்கு நன்கொடையில் முக்கால்வாசி குடும்பத்திலிருந்துதான் வரும், யோசித்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காசில் போக முடியாது என்றால் குற்றமில்லை. நன்கொடைப் பக்கத்தின் முதல் வரியிலேயே "இதில் இவ்வளவு என் பயணத்துக்குப் போகும்" என்று எழுதிவிடுங்கள்.

"கோவைக்காரி": "நான் கோவையில் ஒரு டிரஸ்டுக்காகத் திரட்டப் போகிறேன். லண்டனில் இருக்கும் அத்தையும் தருவதாகச் சொல்கிறார். சிக்கல் வருமா?"

அத்தையின் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால், ஓசிஐ என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் இருக்கும் அவர்கள் கணக்குக்குத்தான் போக வேண்டும். அத்தை ஆசையாக உங்கள் கணக்கில் போட்டு, நீங்கள் டிரஸ்டுக்கு மாற்றிவிடும் வேலை மட்டும் வேண்டாம்.

ஊரில் கொடுப்பவர்களுக்கு வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது வாங்கிக் கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவே.

"சும்மா கேட்கிறேன்": "விமானத்துக்கும் மலைக்கும் கொட்டும் காசை அப்படியே அனுப்பிவிடலாமே? நடை எதற்கு?"

சும்மா கேட்ட கேள்வி மாதிரித் தெரியவில்லை! நியாயம்தான். அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. என் அனுபவத்தில், நான் கையை நீட்டிக் கேட்டபோது கொடுக்காதவர்கள் "மலை ஏறப் போறேன்" என்றதும் கொடுத்தார்கள். மனுஷ புத்தி அப்படி. பழனிக்கு நடந்து போகிறவருக்கு மோர் கொடுப்போம், பஸ்ஸில் போகிறவருக்குக் கொடுப்போமா? இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது எனக்கே தெரியும். அதனால்தான் சொந்தச் செலவு என்று இத்தனை அடம்பிடிக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து: "எந்த வழியில் போவது? ஐந்து நாளில் முடியுமாமே, லீவு இல்லை."

லீவு இல்லையென்றால் கிளிமஞ்சாரோ வேண்டாம். ஐந்து நாள் என்பது மராங்கு வழி. அது ஒன்றில்தான் கூடாரத்துக்குப் பதில் குடிலில் படுக்கலாம். ஆனால் ஏறின பாதையிலேயே இறங்க வேண்டும், உடம்பு உயரத்துக்குப் பழக நேரமே இருக்காது. 5,895 மீட்டர் உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான்.

குறைந்தது ஏழு நாள் மச்சாமே, முடிந்தால் எட்டு நாள் லெமோஷோ. இரண்டிலும் லாவா டவர் என்ற பாறைக்கு, 4,600 மீட்டருக்கு மேல், மதியம் ஏறிவிட்டு, ராத்திரிக்கு 3,900 சுமாரில் இருக்கும் பரான்கோ முகாமுக்கு இறங்கிப் படுப்பீர்கள். "ஏறினதை எதுக்குடா இறங்கணும்" என்று எரிச்சல் வரும். அந்த ஒரு நாள்தான் உங்களை உச்சிக்குக் கொண்டுபோகும். அடுத்து வரும் பரான்கோ சுவர் என்ற செங்குத்துப் பாறையில் கொஞ்ச நேரம் கையும் ஊன்ற வேண்டும், மற்றபடி கயிறு, கொக்கி எதுவும் கிடையாது.

மாதம்: ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன் முதல் அக்டோபர் வரை. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை.

பலர் கேட்டது: "டயமாக்ஸ் போடலாமா? மலைநோய் வந்தால் எப்படித் தெரியும்?"

டயமாக்ஸ் என்பது மலைநோயைத் தடுக்கப் போடும் மாத்திரை, அசெட்டசோலமைடு என்பது அதில் இருக்கும் மருந்தின் பெயர். தடுப்புக்கு 125 மில்லிகிராம் காலை மாலை என்று, ஏறுவதற்கு முதல் நாள் தொடங்குவது வழக்கம். உங்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சல்ஃபா அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும்.

மாத்திரை போட்டாலும் மலைநோய் வரும். 2016-இல் எனக்கு வந்தது. உச்சிக்கு முந்தின கடைசி முகாமான பராஃபூவிலிருந்து நள்ளிரவில் கிளம்பினோம். தலை இடி, குமட்டல், "எல்லாருக்கும் இருக்கும்" என்று நடந்தேன். மூன்று மணி வாக்கில் கைடு என்னை நிறுத்தி, ஒரு குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்துக் கோட்டில் நடக்கிற மாதிரி நடக்கச் சொன்னார். நான் நேராகத்தான் நடந்தேன். நேராக நடந்ததாக நினைத்தேன். மூன்றாவது அடியில் இடது பக்கம் சாய்ந்து அவர் தோளில் விழுந்தேன். அவர் விவாதமே பண்ணவில்லை. "காக்கா, துனஷுகா" என்றார். காக்கா என்றால் அங்கே அண்ணன், தம்பி. துனஷுகா, இறங்குகிறோம். தள்ளாட்டம் என்றால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இறங்குவதுதான் முதல் மருந்து. கீழே வர வர மண்டை தெளிந்தது.

தினமும் விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கைடா, தலைவலியைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறாரா, இதை முன்கூட்டியே கேளுங்கள். நீங்கள் அவரிடம் பொய் சொல்லாதீர்கள். நம்மவர்கள் "ஐ ஆம் ஃபைன்" சொல்வதில் கில்லாடிகள்.

ஈரோடு: "உச்சி தொடவில்லை என்றால் வாங்கின காசைத் திருப்பித் தரணுமா சார்?"

வேண்டாம். நான் எல்லோருக்கும் நடந்ததை அப்படியே எழுதினேன். ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை, இரண்டு பேர் கூடப் போட்டார்கள். ஆனால் "உச்சி தொட்டால்தான் நன்கொடை" என்று பந்தயம் மாதிரி மட்டும் வைக்காதீர்கள். இறங்கச் சொல்லும்போது கணக்குப் பார்க்கத் தோன்றும்.

டொராண்டோ: "1,100 டாலருக்கு ஏழு நாள் மச்சாமே என்று ஒரு விளம்பரம். எடுக்கலாமா அண்ணா?"

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போடுவோம். 2023-இல் நான் போனபோது பூங்காக் கட்டணம் நாளுக்கு 70 டாலர், முகாமில் ஒரு இரவுக்கு 50, மீட்புக் கட்டணம் 20, இதற்கு மேல் 18 சதவீத வாட் வரி. ஏழு பகல், ஆறு இரவு என்றால் அரசுக்கு மட்டுமே 900 டாலரைத் தாண்டிவிடும். மிச்சம் இருநூறுக்குள். அதில் கைடு, உதவிக் கைடு, சமையல்காரர், உங்கள் பங்குக்கு மூன்று நான்கு சுமைதூக்கிகள், ஒரு வாரச் சாப்பாடு, வண்டி, கம்பெனி லாபம். எங்கே வெட்டுவார்கள்? சுமைதூக்கியின் கூலியில், அவன் சாப்பாட்டில், அவன் படுக்கும் கூடாரத்தில்.

அவர்களை அங்கே 'வபகாஸி' என்பார்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று விதி, பூங்கா வாசலில் தராசு வைத்து நிறுப்பார்கள். நிறுத்த பிறகு சுமையைச் சேர்க்கும் கம்பெனிகளும் உண்டு. 2012-இல் நான் போன மலிவுப் பயணத்தில், எங்கள் கூடாரத்தைத் தூக்கி வந்த பையன் கிழிந்த கான்வாஸ் ஷூவில் 4,600 மீட்டர் வரை வந்தான். நான் ஏழைக் குழந்தைகளுக்காக நடக்கிறேன் என்று சட்டையில் எழுதிப் போட்டிருந்தேன்.

மலையடிவாரத்து மோஷி ஊரில் 2003 முதல் கேபாப் என்ற சுமைதூக்கிகள் நல அமைப்பு இயங்குகிறது. கூலி, சாப்பாடு, கூடாரம் எல்லாவற்றையும் கண்காணித்து, ஒழுங்காக நடத்தும் கம்பெனிகளின் பட்டியலை வெளியிடுகிறது. 2023-இல் நான் போனபோது அவர்கள் வைத்திருந்த அளவு நாளுக்கு 20,000 தான்சானிய ஷில்லிங், மூன்று வேளைச் சாப்பாடு. உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். தொண்டு நிறுவனம் நடத்தும் பயணம் என்றாலும் கேளுங்கள். மலையில் ஆள் வைப்பது அவர்கள் இல்லை, உள்ளூர்க் கம்பெனிதான்.

டிப்ஸுக்கு ஆளுக்கு 250, 300 டாலர் தனியாக எடுத்து வையுங்கள். தலைமைக் கைடு கையில் மொத்தமாகத் திணிக்காதீர்கள். கடைசி நாள் எல்லோரையும் நிற்க வைத்து, யாருக்கு எவ்வளவு என்று உரக்கச் சொல்லிக் கொடுங்கள். இதற்கும் நிதி திரட்டின காசைத் தொடாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: "அண்ணை, எனக்கு 52 வயசு, முழங்கால் கொஞ்சம் நோகும். ஏலுமோ?"

ஏலும் அக்கா. எங்கள் குழுவில் 61 வயதுக்காரர் உச்சி தொட்டார், 27 வயது ஜிம் பையன் முதலில் சுருண்டான், வேகமாக நடந்ததால். அங்கே மூச்சுக்கு மூச்சு 'போலே போலே' என்பார்கள், மெதுவா மெதுவா. வேகம் தேவையே இல்லை.

முழங்காலுக்கு ஏற்றம் எதிரி இல்லை, இறக்கம்தான். உச்சியிலிருந்து அன்றைக்கே கிட்டத்தட்ட 2,800 மீட்டர் இறங்கி ம்வேகா முகாமுக்கு வருவோம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு படி இறங்கிப் பழகுங்கள். சிவனொளிபாதமலை உங்களுக்குப் பெரிய வரம், முதுகில் ஐந்து கிலோவோடு ஏறி, கைத்தடியோடு இறங்குங்கள். கோவைப் பக்கத்துக்காரர்களுக்கு வெள்ளியங்கிரி. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பதும் நல்லதுதான், ஆனால் அது சமதளம், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

சென்னை: "தடுப்பூசி, விசா, சாமான்?"

நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு அட்டை வாங்கிவிடுங்கள், கிளம்ப பத்து நாளுக்கு முன்பாவது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். மோஷியில் மலேரியா உண்டு, அதற்கும் மாத்திரை கேளுங்கள். விசா இணையத்திலேயே எடுக்கலாம். காப்பீட்டில் "6,000 மீட்டர் வரை மலைநடை" என்று எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு அங்கே உதவாது. டாலர் நோட்டு புதிதாக இருக்கட்டும், பழைய நோட்டை வாங்க மாட்டார்கள். 2019 ஜூனிலிருந்து தான்சானியாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. துணிக்கடைக் கவரில் சாமான் கட்டிக்கொண்டு போய் விமான நிலையத்தில் முழிக்காதீர்கள்.

உச்சி இரவில் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள், உறைவது மேலிருந்துதான். போன் உள்சட்டைக்குள்.

பெயர் வேண்டாம் என்றவர்: "பெண்களுக்குக் கழிப்பறை, மாதவிலக்கு…"

2023-இல் என் மனைவியும் வந்தாள், அவள் சொல்லச் சொன்னது இது. கழிப்பறைக் கூடாரத்துக்குத் தனிக் காசு கேட்டால் யோசிக்காமல் கொடு. முகாமின் பொதுக் கழிப்பறையைப் பார்த்தால் புரியும். உயரத்தில் தேதி முன்னே பின்னே ஆகலாம், நாள் இல்லாவிட்டாலும் நாப்கின் எடுத்துக்கொள். பயன்படுத்தினதை மலையில் போடாமல் ஜிப் வைத்த பையில் கீழே கொண்டுவா.

திருநெல்வேலி: "சைவம். பட்டினி கிடக்கணுமோ?"

இல்லை. சூப், சோறு, சப்பாத்தி, பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் வரும். ஒரு நாள் சுமைதூக்கிகளோடு உட்கார்ந்து உகாலி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். மக்காச்சோள மாவில் கிண்டின களி, தொட்டுக்கொள்ள 'ம்சீச்சா' என்று ஒரு கீரை. எங்கள் பாட்டி வீட்டுச் சாப்பாடு. 4,000 மீட்டருக்கு மேல் பசியே எடுக்காது, அப்போது கைகொடுப்பது ஊரிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாய்தான்.

கடைசியாக, மதுரையிலிருந்து ஒரு பள்ளி மாணவி: "உச்சியில் நின்றபோது என்ன தோன்றியது அங்கிள்?"

மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை வரவில்லை. பக்கத்தில் பனிப்பாறை வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. 1912-இல் இருந்த பனியில் 85 சதவீதம் 2007-க்குள்ளேயே போய்விட்டதாம். 2012-இல் நான் பார்த்ததற்கும் 2023-இல் பார்த்ததற்கும் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. உச்சியில் நட்டிருக்கும் பெயர்ப் பலகைக்கு முன்னால் போட்டோ எடுக்க வரிசை. எங்கள் கைடுக்கு அது எத்தனையாவது தடவை என்று கேட்டேன். எண்ணுவதை விட்டுவிட்டாராம். "உன் தண்ணியைக் குடி, இறங்கணும்" என்றார்.