வாசகர் கேள்வி–பதில்: பஞ்ச காலத்தில் ஓடிய சீபிஸ்கட்

சென்ற இதழில் 1930களின் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தம் பற்றி எழுதியபோது, சீபிஸ்கட் என்ற பந்தயக் குதிரையை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கு இங்கே பதில்.

வேலையும் சோறும் இல்லாமல் தவித்த நாட்டுக்கு ஒரு குதிரை நம்பிக்கை கொடுத்தது என்கிறீர்கள். மிகையாக இல்லையா?

குதிரையால் நாடு நிமிர்ந்தது என்று யாராவது சொன்னால் அது மிகைதான். 1933ல் அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. மெல்லத் தேறி வந்த நிலைமை 1937–38ல் மறுபடி சரிந்தது. சீபிஸ்கட்டின் புகழ் உச்சிக்குப் போனது சரியாக அந்த இரண்டாவது சரிவின்போது. அந்தப் புகழால் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை, கடன் அடையவில்லை.

பந்தயத்தில் பணம் கட்டி மீண்டார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். டோட் முறையில் எல்லோரும் கட்டும் பணம் ஒரே தொகுப்பில் சேரும். அரசின் வரியும் பந்தயத் திடலின் பங்கும் போக, மிச்சம்தான் ஜெயித்த சீட்டுகளுக்குப் பிரியும். எல்லோரும் ஒரே குதிரை மேல் கட்டினால் ஆளுக்குக் கிடைப்பது சொற்பம். ஒன்றுக்கு அரை என்று பந்தய விலை (கட்டும் ஒரு டாலருக்குக் கிடைக்கும் லாபம்) இறங்கிய குதிரை மேல் 2 டாலர் கட்டினால் திரும்பி வருவது 3 டாலர். சீபிஸ்கட் பிரபலமான பிறகு அதன் விலை பெரும்பாலும் இப்படித்தான் இறங்கிக் கிடந்தது.

ஆகவே மக்கள் அதில் பார்த்தது லாபத்தை அல்ல. உதவாது என்று தள்ளிவிட்ட ஒன்றைப் பொறுமையாக எடுத்துவைத்துப் பார்த்தால் அது ஓடும் என்பதைக் கண்ணால் பார்த்தார்கள், வானொலியில் காதால் கேட்டார்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வரி வருமானத்துக்காகப் பல மாநிலங்கள் பந்தயத்தை அனுமதித்ததும் அந்தக் காலத்தில்தான். கலிஃபோர்னியா 1933ல் அனுமதித்தது. 1934 கிறிஸ்துமஸ் அன்று சான்டா அனிடா திடல் திறந்தது. ஒரு லட்சம் டாலர் பரிசு வைத்த அதன் பெரிய பந்தயம்தான் இந்தக் குதிரையின் கதையில் திரும்பத் திரும்ப வரும்.

சீபிஸ்கட் பரம்பரை இல்லாத மட்டக் குதிரை என்று படித்திருக்கிறேன். சரியா?

தவறு. அமெரிக்கா கண்ட மகத்தான பந்தயக் குதிரைகளில் ஒன்றான மேன் ஓ வாரின் பேரன் அது. அப்பன் ஹார்ட் டாக், தாய் ஸ்விங் ஆன். ரத்தத்தில் குறை இல்லை. பார்வைக்குத்தான் எடுப்பில்லை: குள்ளம், முட்டி சரியாக நிமிராத முன்னங்கால்கள், ஓடும்போது ஒரு காலை வெளியே வீசும் பழக்கம்.

உண்மையான குறை அதை நடத்திய விதத்தில் இருந்தது. அமெரிக்கப் பந்தயக் குதிரைகளுக்கு எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1ல் ஒரு வயது ஏறும். சீபிஸ்கட் பிறந்தது 1933 மே 23. எனவே 1935ல் 'இரண்டு வயது' பந்தயங்களில் இறங்கியபோது, தன்னைவிட மூன்று நான்கு மாதம் மூத்த குட்டிகளோடு ஓட வேண்டியிருந்தது. அந்த ஒரே ஆண்டில் 35 பந்தயம்! எலும்பு முற்றாத வயதில் இது கொடுமையான எண்ணிக்கை. முதல் 17 பந்தயங்களில் வெற்றியே இல்லை. ஆண்டு முடிவில் ஜெயித்தது ஐந்து.

அப்போது கிளெய்மிங் பந்தயங்களிலும் அதை ஓடவிட்டார்கள். குதிரைக்கு ஒரு விலை குறித்திருப்பார்கள். பந்தயத்துக்கு முன் சீட்டு எழுதிப் போட்டால் அந்த விலைக்கு யார் வேண்டுமானாலும் குதிரையை எடுத்துக்கொள்ளலாம். 2,500 டாலர் என்று விலை வைத்தும் எடுக்க ஆள் இல்லை. 1936 ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோ கார் வியாபாரி சார்லஸ் ஹோவர்டு 8,000 டாலருக்கு வாங்கினார்.

ஹோவர்டின் பயிற்சியாளர் டாம் ஸ்மித் அப்படி என்ன மாற்றினார்? விவரமாகச் சொல்லுங்கள்.

முதலில் ஓட்டத்தைக் கையிலேயே எடுக்கவில்லை. வந்து சேர்ந்த குதிரை எலும்பும் தோலுமாக இருந்தது. தீவனத்தைத் தொடாமல் லாயத்துக்குள் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. இப்படி நடக்கும் குதிரை நிற்காது, படுக்காது. தின்ற கொஞ்சமும் நடையில் கரைந்துவிடும், எடை ஏறவே ஏறாது. எனவே அமைதிதான் முதல் மருந்து.

அதற்குத் துணை தேடினார். குதிரை கூட்டமாக வாழும் பிராணி; தனியே அடைத்தால் மனசு கெடும். ஓர் ஆட்டை உள்ளே விட்டார், சீபிஸ்கட் அதைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டது. அடுத்து பம்ப்கின் என்ற சாந்தமான மஞ்சள் குதிரையைக் கொண்டுவந்து, இரண்டு கொட்டில்களுக்கும் நடுவில் இருந்த தடுப்பை எடுத்துவிட்டார். அது பலித்தது. பிறகு ஒரு நாயும் ஒரு குரங்கும் அந்தக் குடித்தனத்தில் சேர்ந்தன. காலையில் தானாக விழிக்கும்வரை யாரும் அதை எழுப்பக் கூடாது என்பதும் ஸ்மித்தின் உத்தரவு.

அடுத்தது முரண்டு. பயிற்சியில் கடிவாளத்தோடு மல்லுக்கட்டும் குதிரையைப் பலரும் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். அது இன்னும் திமிறும். ஸ்மித் நேர்மாறாகச் செய்தார்: போகிற போக்கில் விடச் சொன்னார். களைத்து அதுவாக நின்றதும் அமைதியாகத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். எதிர்க்க ஆள் இல்லாவிட்டால் எதிர்ப்பும் இல்லை என்று ஆனது. சாட்டையும் குறைந்தது. ஜாக்கி ரெட் போலார்டு லேசாக ஓரிரு தட்டோடு நிறுத்திக்கொண்டார்.

பலன் 1937ல் தெரிந்தது: 15 பந்தயத்தில் 11 வெற்றி.

நல்ல குதிரைக்கு அதிகச் சுமை ஏற்றுவார்களாமே, அது எப்படி? அநியாயம் இல்லையா?

ஹேண்டிகேப் பந்தயம் என்பதே அதுதான். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடும்படி சுமையைப் பிரிப்பது நிர்ணய அதிகாரியின் வேலை. ஜெயிக்க ஜெயிக்கச் சுமை ஏறும்.

நடைமுறை இப்படி: ஜாக்கி சேணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தராசில் உட்காருவார். குதிரைக்கு 130 பவுண்டு என்று விதித்து, ஜாக்கியும் சேணமும் 118 பவுண்டு வந்தால், மீதி 12 பவுண்டுக்கு ஈயத் தகடுகளைச் சேணத்தடித் துணியின் பைகளில் செருக வேண்டும். பந்தயம் முடிந்ததும் அதே சேணத்தோடு மறுபடி தராசு. எடை குறைந்தால் வெற்றி பறிபோகும். ஈயம் ஜாக்கியைப் போல் குதிரையின் அசைவோடு சேர்ந்து அசையாது, முதுகில் செத்த சுமையாகக் கிடக்கும். அதனால் கனமான ஜாக்கியையே விரும்பும் பயிற்சியாளர்கள் உண்டு.

ஒரு மைல் ஓட்டத்தில் ஏறத்தாழ இரண்டு மூன்று பவுண்டுக்கு ஒரு குதிரை நீளம் என்பது பந்தயக்காரர்களின் வாய்க்கணக்கு. தூரம் கூடினால் சுமை இன்னும் கடிக்கும். 1938 சான்டா அனிடா ஹேண்டிகேப்பின் தூரம் ஒன்றேகால் மைல். சீபிஸ்கட் சுமந்தது 130 பவுண்டு, அதாவது 59 கிலோ. ஸ்டேஜ்ஹேண்ட் என்ற மூன்று வயதுக் குதிரைக்கு வெறும் 100. அந்த 30 பவுண்டில் ஒரு நல்ல பங்கு வயதுக்கான சலுகைதான், அதை அநியாயம் என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் தொடக்கத்தில் இன்னொரு குதிரை இடித்து வழிமறித்த பிறகு, அந்தச் சுமையோடு எட்டிப் பிடித்து ஸ்டேஜ்ஹேண்டிடம் மூக்களவில் தோற்றது பல வெற்றிகளைவிடப் பெரிய ஓட்டம் என்பது எங்கள் கருத்து.

முந்தைய ஆண்டும் இதே பந்தயத்தில் ரோஸ்மான்ட் என்ற குதிரையிடம் மூக்களவில்தான் தோற்றது. கடைசி நேரத்தில் போலார்டு அசட்டையாக இருந்துவிட்டார் என்று பத்திரிகைகள் சாடின. அவருக்கு வலது கண் பார்வை இல்லை என்பது அப்போது வெளியே தெரியாது. சொன்னால் தொழில் போய்விடும். இடப்பக்கமாகச் சுற்றும் தளத்தில் ரோஸ்மான்ட் வந்தது வலப்பக்கம்.

வார் அட்மிரலை எப்படி வென்றது? முன்கூட்டியே போட்ட திட்டமா, அதிர்ஷ்டமா?

திட்டம்தான், அங்குலம் அங்குலமாக. 1938 நவம்பர் 1, செவ்வாய்க்கிழமை, பால்டிமோரின் பிம்லிகோ திடல். இரண்டே குதிரைகள், இரண்டுக்கும் 120 பவுண்டு, ஏறத்தாழ 1,900 மீட்டர், பரிசு 15,000 டாலர். வார் அட்மிரல் 1937ல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற குதிரை, மேன் ஓ வாரின் நேர் மகன். அதன் விலை ஒன்றுக்குக் கால்: 2 டாலர் கட்டினால் இரண்டரைதான் திரும்பும்.

இருவர் போட்டியில் முதலில் முந்துகிறவரே பெரும்பாலும் ஜெயிப்பார். வார் அட்மிரலோ சீறிக் கிளம்பும் ரகம். ஆனால் அதற்குத் தொடக்கக் கேட் (குதிரைகளை நிறுத்தித் திறந்துவிடும் அடைப்பு) பிடிக்காது. எனவே அதன் உரிமையாளர் கேட் இல்லாமல், இரண்டும் நடந்து வர, மணி அடித்ததும் ஓடும் முறையைக் கேட்டார். ஸ்மித் ஒப்புக்கொண்டார். பிறகு மரப்பெட்டியில் மணி பொருத்தி, மணி அடித்த அதே கணத்தில் ஜாக்கி ஒரு தட்டு தட்டும் பயிற்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார். சில நாளில் தட்டு தேவைப்படவில்லை. மணிச் சத்தத்துக்கே குதிரை பாய்ந்தது.

போலார்டு கால் முறிந்து மருத்துவமனையில் இருந்ததால் ஏறியவர் ஜார்ஜ் வுல்ஃப். முந்தைய இரவு அவர் டார்ச் விளக்கோடு தளத்தைச் சுற்றி நடந்தார். டிராக்டர் சக்கரம் அழுத்தி மண் இறுகிய தடம் ஒன்று உள்வேலிப் பக்கம் ஓடுவதைக் காலாலேயே கண்டுபிடித்தார். ஈரம் கண்டு இளகிய மண்ணில் குளம்பு புதையும். இறுகிய தடத்தில் அந்த விரயம் இல்லை.

மறுநாள் இரண்டு முறை தொடக்கம் சரியாக அமையவில்லை. மூன்றாவது முறை மணி அடித்ததும் சீபிஸ்கட் முந்தி, குறுக்கே வெட்டி, வேலியோரத் தடத்தைப் பிடித்துக்கொண்டது. தளத்தின் எதிர்ப்பக்க நேர்ப் பாதையில் வார் அட்மிரல் எட்டிப் பிடித்தது. இங்கேதான் போலார்டு தொலைபேசியில் சொன்ன யோசனை: பக்கத்தில் வர விடு, எதிரியைக் கண்ணில் பார்த்தால் இது இன்னும் வேகமெடுக்கும். வுல்ஃப் வர விட்டார். தோளோடு தோள் ஓடி, கடைசி நேர்ப் பாதையில் சீபிஸ்கட் பிரிந்து போனது. நான்கு குதிரை நீளம், தளத்தின் புதிய சாதனை. அந்த ஆண்டின் சிறந்த குதிரை விருதும் அதற்கே.

கால் நார் கிழிந்த குதிரை மறுபடி ஓடியது எப்படிச் சாத்தியம்?

1939 பிப்ரவரியில் சீபிஸ்கட்டின் இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் பின்பக்கம் ஓடும் தாங்கு நார் அடிபட்டது. குளம்புக்கு மேலுள்ள மூட்டைத் தூக்கி நிறுத்துவது அந்த நார்தான். பாய்ச்சலில் ஒரு கட்டத்தில் உடல் எடை முழுவதும் ஒரே முன்னங்காலில் இறங்கும், மூட்டு தரையைத் தொடுமளவு தாழும். அந்த இழுப்பை வாங்குவதும் இதுவே.

இந்த நாருக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் ஆறுவதும் மெதுவாகத்தான். ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கும். முதலில் குளிர் ஒத்தடம், கட்டு, கொட்டிலில் ஓய்வு. பிறகு கையில் பிடித்துத் தினம் சில நிமிட நடை, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி. பிறகு ஆள் ஏறி நடை, அடுத்து மெல்லோட்டம், கடைசியில்தான் பாய்ச்சல். பலரும் கோட்டைவிடுவது நடுவில். வீக்கம் வடிந்து நொண்டல் நின்றதும் ஆறிவிட்டது என்று ஓட்டிவிடுவார்கள். உள்ளே புது இழை இன்னும் முறுக்கேறியிருக்காது, அதே இடத்தில் மறுபடி கிழியும்.

கலிஃபோர்னியாவின் ரிட்ஜ்வுட் பண்ணையில் ஓர் ஆண்டு அவசரப்படாமல் தேற்றினார்கள். முறிந்த காலோடு போலார்டும் அங்கேயே இருந்தார். 1940 பிப்ரவரியில் திரும்பி வந்தபோது முதல் ஓட்டத்தில் மூன்றாவது இடம், அடுத்ததில் ஆறாவது, அதற்கடுத்ததில் வெற்றி. மார்ச் 2ல், இரண்டு முறை மூக்களவில் நழுவிய அதே சான்டா அனிடா ஹேண்டிகேப். 130 பவுண்டு, மேலே போலார்டு, 2 நிமிடம் 1.2 விநாடி. ஜெயித்தது. மொத்தச் சம்பாத்தியம் 4,37,730 டாலர், அதுவரை எந்தக் குதிரையும் தொடாத தொகை.

ஆஸ்திரேலியாவின் ஃபார் லாப்பும் இதே போலத்தானே?

காலம் ஒன்று, கதை வேறு. அதுவும் மலிவாக, 160 கினிக்கு (அந்நாள் பிரிட்டிஷ் நாணயக் கணக்கு) வாங்கிய நியூசிலாந்துக் குதிரை; ஒற்றுமை அந்த மலிவு விலை வரைதான். ஃபார் லாப் வளர்ந்த பிறகு தோற்பதே அபூர்வம்: 51 பந்தயத்தில் 37 வெற்றி. 1930 மெல்போர்ன் கோப்பையை ஏறத்தாழ 62.6 கிலோ சுமந்து வென்றது. அடுத்த ஆண்டு 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. சுமை குதிரையை எப்படி முடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 1932 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் இறந்தது. பிற்காலத்தில் முடியைச் சோதித்தபோது ஆர்சனிக் என்ற நஞ்சு தெரியவந்தது.

குதிரைக்குப் புகழ் கிடைத்தது. ஓட்டிய ஜாக்கிகளின் நிலை?

மோசம். போலார்டுக்கு 1938ல் மட்டும் பிப்ரவரியில் நெஞ்சு நசுங்கியது, ஜூனில் கால் முறிந்தது. எடை குறைக்கப் பட்டினி, கம்பளி சுற்றி வியர்வை, பேதி மருந்து என்று உடம்பைக் கெடுத்துக்கொள்வது தொழிலின் அன்றாடம். வுல்ஃபுக்கு நீரிழிவு வேறு. 1946 ஜனவரியில் சான்டா அனிடாவில் குதிரையிலிருந்து விழுந்து, 35 வயதில் இறந்தார். விபத்துக்கும் சாவுக்கும் ஈடு கேட்க ஜாக்கிகளுக்கென்று நாடு தழுவிய சங்கம் அமைந்ததே 1940ல்தான். 1950 முதல் சான்டா அனிடா வுல்ஃப் பெயரில் ஆண்டுக்கு ஒரு ஜாக்கிக்கு விருது கொடுக்கிறது. வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது சக ஜாக்கிகள். ஒருவருக்கு ஆயுளில் ஒரு முறை மட்டுமே கிடைக்கும்.