தர்பூசணி சப்பென்று இருப்பதாக விலையைக் குறைத்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: திண்டிவனம் பக்கத்தில் 2 ஏக்கரில் வீரிய ஒட்டு தர்பூசணி போட்டேன். விதைத்த 65ஆம் நாள் வெட்டினோம். வியாபாரி நாலு பழத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, "சப்புன்னு இருக்கு" என்று கிலோவுக்கு 2 ரூபாய் குறைத்துவிட்டார். எடை நிற்கட்டும் என்று வெட்டுவதற்கு முந்தின நாள் வரை சொட்டுநீர் விட்டிருந்தேன். வெளிநாட்டுப் பழம் வருவதால்தான் விலை விழுகிறது என்கிறார்கள். அடுத்த போகம் முலாம்பழத்துக்கு மாறலாமா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. வெட்டுவதற்கு முந்தின நாள் வரை தண்ணீர் விட்டதுதான் இனிப்பைக் கெடுத்திருக்கிறது. அறுவடைக்கு நாலைந்து நாள் முன்பே தண்ணீரைப் பாதிக்கு மேல் குறைத்துவிட வேண்டும். கொடி வாடாத அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். எடையில் கொஞ்சம் குறையும், ஆனால் கிலோவுக்கு 2 ரூபாய் போனதோடு ஒப்பிட்டால் அது பெரிய நஷ்டமில்லை. காய் பருக்கும் சமயத்தில் யூரியா போடுவதையும் நிறுத்துங்கள். அப்போது பயிருக்கு வேண்டியது சாம்பல் சத்து (பொட்டாஷ்).

இன்னொன்று, 65 நாள் கணக்கு. பாக்கெட்டில் போட்டிருக்கும் நாளை நம்பி வெட்டாதீர்கள். ஜனவரிக் குளிரில் கொடி மெதுவாகத்தான் ஓடும். பூ பிடித்த நாளிலிருந்து எண்ணுங்கள், பெரும்பாலும் 30 முதல் 35 நாள் ஆகும். அப்புறம் பழத்தையே பாருங்கள். காம்புக்குப் பக்கத்தில் கொடியில் இருக்கும் சுருள் கம்பி (பற்றுக்கம்பி) பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள், காய்ந்து பழுப்பாகியிருந்தால் பழத்தைப் புரட்டுங்கள். தரையில் பட்ட இடம் வெள்ளையாக இருந்தால் இன்னும் காய், வெண்ணெய் மஞ்சளுக்கு வந்திருந்தால் பழம். விரலால் சுண்டிப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம், அது அனுபவப்பட்ட காதுக்குத்தான் பிடிபடும். தர்பூசணியைப் பறித்த பிறகு இனிப்பு ஏறாது. அவசரப்பட்டு வெட்டியதை எந்தக் குடோனும் சரிசெய்யாது.

தயவுசெய்து சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், பேனா நீளத்துக்கு ஒரு குழல்தான். பழத்தின் நடுச் சதையிலிருந்து ஒரு சொட்டுச் சாறு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் கோடு தெரியும். 10-க்கு மேல் இருந்தால் தைரியமாக விலை பேசலாம். வியாபாரி வருவதற்கு முன் நீங்களே வயலின் நாலு மூலையிலும் ஒவ்வொரு பழம் அறுத்துப் பாருங்கள். அவர் வந்து சொல்லித்தான் உங்கள் பழத்தின் ருசி உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெளிநாட்டுப் பழம் என்பது வீண் பயம். நம் நாட்டுக்கு இதுவரை பெரிய அளவில் இறக்குமதியானது சூடான் போன்ற நாடுகளின் தர்பூசணி விதைதான், பழமில்லை. பருப்பெடுத்து வடநாட்டு இனிப்புகளில் சேர்ப்பார்கள். உங்கள் போட்டி ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரும் லாரிதான். நீங்களும் அவர்களும் ஒரே வாரத்தில் வெட்டினால் கோயம்பேட்டில் விலை நிற்காது. 2025 ஏப்ரலில், பழத்துக்குச் சிவப்புச் சாயத்தை ஊசியில் ஏற்றுகிறார்கள் என்ற வதந்தி கிளம்பி, நல்ல பழம்கூட வயலில் அழுகியது நினைவிருக்கும். அந்தச் சிவப்பு லைக்கோபீன் என்ற இயற்கை நிறம். அந்த வதந்தியால் நம் விவசாயிகள் பட்ட அடியை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை.

நோன்புக் கால விற்பனையையும் கணக்கில் வையுங்கள். ரமலான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. 2025-ல் மார்ச்சில் இருந்தது, 2027-ல் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிடும். அதற்காக நவம்பரில் விதைத்தால் மழையில் வேர் அழுகும் ஆபத்து உண்டு. மேட்டுப்பாத்தியும் மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட்டும் இருந்து, வடிகால் நன்றாக உள்ள மணல்சாரி நிலமானால் மட்டும் துணியுங்கள்.

சரி, முலாம்பழம். அதே வயலில் வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் பழ ஈயும் பல நோய்களும் தொடரும். வேறு நிலம் இருந்தால் முதலில் 20 சென்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். முலாம்பழம் நன்றாகப் பழுத்தால் காம்பிலிருந்து தானே கழன்று வரும். தூரச் சந்தைக்கு அனுப்புவதானால் காம்பைச் சுற்றிப் பாதி வெடிப்பு விழும்போதே எடுத்துவிட வேண்டும். சாதாரண வெப்பத்தில் சில நாள்தான் தாங்கும், தர்பூசணி போல வயலில் குவித்து வைத்துக்கொண்டு விலை பேச முடியாது. அதனால் விதை வாங்குவதற்கு முன்பே, எடுத்துக்கொள்ள ஒரு ஆளைப் பேசி வைத்துவிடுங்கள்.