வெள்ளவத்தை மாடிவீட்டுக்குத் துவக்கு வாங்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். நான், மனைவி, ஏழு வயது மகன், அம்மா. போன மாதம் எங்கள் ஒழுங்கையில் மட்டும் இரண்டு வீட்டில் களவு போனது. செட்டிகுளம் பக்கம் அப்பாவின் நாலு ஏக்கர் காணி இருக்கிறது, அங்கே பன்றி வந்து கச்சானைக் கிண்டிவிட்டுப் போகிறது. வருடத்தில் இரண்டு மூன்று தரம் நண்பர்களோடு வில்பத்துப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்குவதும் உண்டு. மூன்றுக்கும் சேர்த்து ஒரு துவக்கு வாங்கினால் என்ன என்று யோசிக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் மச்சான் கடைக்குப் போன அன்றே ஒன்றைக் கையோடு வாங்கி வந்தானாம், "முதல் துவக்கு என்றால் 9 மில்லிமீட்டர் பிஸ்டல்தான்" என்கிறான். பிஸ்டலா, பம்ப் சொட்கன்னா, எது நல்லது?

பதில்: மச்சான் சொல்வது மச்சானின் ஊருக்குச் சரி. அங்கே உரிமம் உள்ள கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்து, எஃப்பிஐ 1998 முதல் நடத்தி வருகிற பின்னணிச் சோதனையில் தடை எதுவும் வராவிட்டால், அன்றைக்கே சாமானோடு வீட்டுக்கு வரலாம். பக்கத்துக் கனடாவில்கூட அது நடக்காது, 2022 ஒக்டோபர் 21 முதல் சாதாரண ஆள் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குவதை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இங்கே நமக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். இந்தச் சட்டத்தின்படி கடைக்குப் போவதுதான் கடைசி வேலை. முதலில் காரணம், அப்புறம் அனுமதி, அப்புறம்தான் துவக்கு. நீங்கள் மூன்று காரணத்தை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அதை அவிழ்த்துத் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள், நானும் அப்படியே பார்க்கிறேன்.

வெள்ளவத்தை வீட்டுக்கு வேண்டாம். சட்டத்தை விடுங்கள், வீட்டையே யோசித்துப் பாருங்கள். மாடிவீட்டில் உங்கள் படுக்கையறைக் கதவிலிருந்து வாசல் கதவுக்கு எத்தனை அடி இருக்கும், இருபது? அந்தத் தூரத்தில் சொட்கன் தோட்டாவில் இருக்கிற சின்னச் சின்னக் குண்டுகளான சன்னம் பரவி விழும் என்பது படத்தில்தான், உண்மையில் எல்லாம் ஒரு கொத்தாகவே போய் விழும். ஒட்டுப்பலகைக் கதவு அதற்குத் தடையே இல்லை, கதவுக்கு அப்பால் பொது நடை, நடைக்கு அப்பால் எதிர்வீட்டுக்காரரின் ஹோல். இராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல் குசினிப் பக்கம் நடமாடுவது கள்ளனா, தண்ணீர் குடிக்க எழும்பின அம்மாவா என்று பாதித் தூக்கத்தில் முடிவு செய்ய வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் துவக்கை ஒரு பூட்டிலும் தோட்டாவை இன்னொரு பூட்டிலும்தான் வைக்க வேண்டும், அப்படி வைத்தால் அவசரத்துக்கு எடுக்க முடியாது, எடுக்கிற மாதிரி வைத்தால் பிள்ளையும் எடுப்பான். இந்த முடிச்சை அவிழ்த்த ஆளை நான் இன்னும் காணவில்லை.

உயிரையும் உடைமையையும் காக்கும் உரிமை தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது, ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக்கூடாது என்ற வரம்போடு இருக்கிறது. ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு அந்த வரியை நீதவானுக்கு வாசித்துக் காட்ட முடியாது. இன்னொன்று, தற்காப்புக்கு என்று துவக்கு கொடுப்பதும் எடுப்பதும் பாதுகாப்பு அமைச்சின் கையில். 2024 நவம்பரில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும், தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை எல்லாம் மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒழுங்கையில் களவு நடந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பதில் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் காசில் வாசலுக்கு இரும்புக் கேற் போடுங்கள். பல்கனிப் பக்கத்தையும் விடாதீர்கள், மூன்றாம் மாடிதானே என்று எல்லாரும் திறந்து வைப்பது அதைத்தான். கதவின் நிலையைத் தட்டிப் பாருங்கள், நல்ல பூட்டைப் போட்டுவிட்டு அதைப் பிடிக்கிற தகட்டை இரண்டு அரை அங்குல ஆணியில் விட்டிருப்பார்கள், ஒரு உதையில் வந்துவிடும். நடையில் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு ஒன்று, மாடிக்காரர் எல்லாரும் சேர்ந்து படிக்கட்டில் ஒரு கமரா. 119 எண்ணை அம்மாவின் ஃபோனிலும் போட்டு வையுங்கள்.

கூடாரத்துக்கும் வேண்டாம், இதில் யோசிக்கவே இடமில்லை. வில்பத்து, யால மாதிரியான தேசிய பூங்காவுக்குள் துவக்கோடு நுழைவதே வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம், சுட்டீர்களா இல்லையா என்று கேட்க மாட்டார்கள். யானை வந்தால் என்ன செய்வது என்பீர்கள். பறவைச் சன்னம் யானைக்குக் கோபத்தை மட்டும்தான் கொடுக்கும்.

மிச்சம் செட்டிகுளம். உங்கள் மூட்டையில் இருக்கிற ஒரே உருப்படியான காரணம் இதுதான், பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு கொடுக்கிற வழக்கம் நாட்டில் உண்டு. ஆனால் விண்ணப்பம் காணியைச் சுற்றித்தான் நடக்கும். காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது, உண்மையில் பயிர் செய்வது யார், மாதத்தில் எத்தனை நாள் அங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். கிராம அலுவலரிடமும் கச்சேரியிலும் பேசித் தொடங்குங்கள், பொலிஸ் அறிக்கையும் தேவைப்படும். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பன்றிக்குச் சுட முடியாது என்பதை அவர்களும் அறிவார்கள். அங்கேயே குடியிருந்து காணியைப் பார்க்கிற சித்தப்பாவோ மச்சானோ இருந்தால் அவர் தன் பெயரில் கேட்பதுதான் நியாயம். அதுவரை வேலியைப் பலப்படுத்துங்கள். கட்டுத்துவக்கு, அதாவது மிருகம் தட்டினால் தானாக வெடிக்கிற பொறி, கட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்த ஆளைக் காணிக்குள்ளேயே விடாதீர்கள், அது சட்டவிரோதம் மட்டுமில்லை, விறகுக்குப் போன பக்கத்துக் காணிக்காரரின் காலைத்தான் முதலில் எடுக்கும். இடியன் என்கிற நாட்டுத் துவக்கும் அப்படித்தான், பட்டறையில் அடித்த குழாய் எந்த வெடியில் பிளக்கும் என்று அடித்தவனுக்கே தெரியாது.

அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைப்போம். பிஸ்டலை மறந்துவிடுங்கள், பம்ப் பேச்சையும் எடுக்காதீர்கள். பயிருக்கு வேண்டியது 12 போர் ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல், மடித்துத் திறக்கிற சாதாரண சொட்கன். மடித்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் நிற்கிறவருக்கும் தெரியும். முதல் துவக்குக்கு இதைவிடப் பெரிய குணம் எனக்குத் தெரியவில்லை. 12 என்பது அளவு இல்லை, எண்ணிக்கை: குழலின் விட்டத்துக்குச் சரியான ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். அதனால்தான் 20 போர் 12ஐவிடச் சிறியது, இதிலேதான் ஆபத்தும் இருக்கிறது. 20 போர்த் தோட்டாவைத் தவறி 12 குழலுக்குள் போட்டால் அது உள்ளே வழுக்கிப்போய் நடுவில் சிக்கும், குழல் வெறுமை என்று நினைத்து அடுத்ததைப் போட்டுச் சுட்டால் இடது கை போய்விடும். 20 போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே இந்தக் குழப்பத்துக்காகத்தான். குழலில் இரண்டே முக்கால் அங்குலம் என்று அடித்திருந்தால் மூன்று அங்குலத் தோட்டா போடக்கூடாது, உள்ளே போகும், ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடம் இருக்காது.

இங்கே கைமாறுவதில் பழைய துவக்குகள் நிறைய, வெள்ளைக்காரத் துரைமார் காலத்து பர்மிங்காம் இரட்டைக் குழல்கள்கூட வரும். பித்தளை வேலைப்பாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். மடித்து, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள், வளையம் வளையமாக ஒளி சீராகத் தெரிய வேண்டும், ஓரிடத்தில் வளையம் நெளிந்தால் அங்கே நசுங்கல். குழலின் வெளியே பாம்புத்தோல் மாதிரிக் கோலம் தெரிந்தால் அது முறுக்கிக் காய்ச்சிய பழைய இரும்பு, கரிமருந்துக் காலத்துச் சாமான், இன்றைய தோட்டாவுக்கு அதை நம்ப வேண்டாம், சுவரில் மாட்டலாம் என்றாலும் அனுமதி வேண்டும். மூடிய பிறகு குழலையும் கட்டையையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கடகட என்றால் வேறு பாருங்கள்.

என் மாமாவிடம் அப்படி ஒன்று இருந்தது. தோல் உறைக்குள் பூட்டி, உறையை அலுமாரிக்குள் பூட்டி, அலுமாரித் திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தபோது உறை படிந்த இடமெல்லாம் செங்கறள், விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. தோலும் சீலையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மெல்லிய எண்ணெய் பூசி, காற்றுப் படுகிற இரும்புப் பெட்டியில் வையுங்கள். அனுமதிப்பத்திரம் வருடம் தோறும் புதுப்பிக்க வேண்டியது, ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை நேரம் தருகிறார்கள், ஜனவரி பிறந்த பிறகு பழைய பத்திரத்தோடு வைத்திருப்பது குற்றம்.

கேள்வி: அப்பா மூன்று மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். அவருடைய இரட்டைக் குழல் தெஹிவளை வீட்டு அலுமாரியில் கிடக்கிறது, லைசன்ஸ் அவர் பெயரில்தான். தம்பி லண்டனில். தெரிந்தவர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். லைசன்ஸ் ஆளுக்குக் கொடுத்தது, அலுமாரிக்கு இல்லை, அவர் போனதோடு அதுவும் முடிந்தது. இப்போது அனுமதி இல்லாத துவக்கை வைத்திருப்பவர் நீங்கள், அந்தத் தெரிந்தவருக்குக் கொடுத்தால் அனுமதி இல்லாமல் விற்றவரும் நீங்களே. நாளைக்கே பொலிஸ் நிலையத்துக்கு ஃபோன் பண்ணி விஷயத்தைச் சொல்லி, வந்து எடுப்பார்களா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள். கேட்காமல் ஓட்டோவில் தூக்கிக்கொண்டு காலி வீதியில் போய்விட வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாவிட்டால் தொடவே வேண்டாம், வருகிறவர் பார்ப்பார். மரணச் சான்றிதழ்ப் பிரதியோடு அப்பாவின் பழைய பத்திரத்தையும் கொடுத்து, தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். தோட்டாக்களையும் எண்ணிக் கொடுங்கள், அப்பாமார் பழைய பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு மறந்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். யாருடைய பெயருக்காவது மாற்ற வேண்டும் என்றால் அவருக்கும் ஒரு காரணம் வேண்டும், அப்பாவின் நினைவாக என்பதைக் கச்சேரி கேட்காது.

கேள்வி: பதினாறு வயது மகனுக்கு எயார் ரைபிள் வாங்கிக் கொடுக்கலாமா? இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார்கள், காகம் கலைக்கத்தான்.

பதில்: விளம்பரக்காரர் "லைசன்ஸ் தேவையில்லை" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள், அப்புறம் கச்சேரியிலும் கேளுங்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கச்சேரி சொல்வதுதான் சரி. காகத்துக்குத் தவறுகிற 4.5 மில்லிமீட்டர் குண்டு பக்கத்து மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடுகிறவரின் கண்ணில் போய் நிற்கும். பையனுக்கு உண்மையில் குறி பார்ப்பதில் ஆசை என்றால், ஒலிம்பிக்கில் 10 மீட்டர் தூரத்துக்குச் சுடுவதும் இதே 4.5 மில்லிமீட்டர் எயார் ரைபிள்தான், பாடசாலையிலோ கழகத்திலோ பயிற்றுநர் ஒருவரின் கீழ் பழகட்டும், ரைபிளும் அங்கேயே இருக்கட்டும். காகத்துக்குக் குப்பை வாளியை மூடி வைத்தால் போதும்.