வாசகர் கேள்வி: கம்பளிப் பொம்மை நடந்த கதை

கே: 'கிளாங்கர்ஸ்' என்ற பிரிட்டிஷ் குழந்தைத் தொடரை இரண்டே பேர் மாட்டுக்கொட்டகையில் எடுத்தார்களாமே, உண்மையா?

ப: உண்மைதான். ஆலிவர் போஸ்ட்கேட், பீட்டர் ஃபிர்மின் இருவரின் ஸ்மால்ஃபிலிம்ஸ் நிறுவனம், கேன்டர்பரிக்குப் பக்கத்தில் பிளீன் கிராமத்தில், ஃபிர்மின் பண்ணையில் சும்மா கிடந்த கொட்டகையில் இயங்கியது. பொம்மையும் அரங்கமும் ஃபிர்மின் பொறுப்பு. கதை, கேமரா, குரல் போஸ்ட்கேட். தொடரில் வரும் எலி போன்ற உயிரினங்கள்தான் கிளாங்கர்கள். இளஞ்சிவப்புக் கம்பளியில் அவற்றைப் பின்னியவர் ஃபிர்மினின் மனைவி ஜோன். 1969 நவம்பரில் பிபிசி முதல் பகுதியை ஒளிபரப்பியது.

பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்து வரிசையாக ஓட்டினால், பொம்மை தானே நடப்பதுபோல் தெரியும். பிரிட்டிஷ் டிவிக்கு நொடிக்கு 25 படம் வேண்டும். இவர்கள் ஒரே நாளில் 2 நிமிடம் முடித்துவிடுவார்கள், அதாவது 3,000 படம். 16 மி.மீ. கேமராவை ஒவ்வொரு படமாகத் தட்டிவிடும் கருவியையும் தாங்களே செய்துகொண்டார்கள். வேகத்துக்கு இன்னொரு காரணம், தேவையில்லாமல் பொம்மையைத் தொடாதது. கிளாங்கர் அப்படியே நிற்கும், தலை மட்டும் திரும்பும், கதைசொல்லி பேசிக்கொண்டிருப்பார். சின்னக் குழந்தைக்கு அந்த நிதானம்தான் பிடிக்கும். இன்றைய பரபரப்புத் தொடர்களைவிட அது எவ்வளவோ மேல்.

கே: கிளாங்கர்கள் பேசாமல் சீட்டி அடிப்பது ஏன்?

ப: பேசத்தான் செய்கின்றன! வசனம் முழுக்க ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. உள்ளே தண்டு ஏறி இறங்கும் ஊதலில், அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே ஊதினார்கள். அதனால் எந்த மொழிக் குழந்தைக்கும் கோபமும் கெஞ்சலும் புரியும்.

கே: வீட்டில் கம்பளி எலி பின்னி, போனில் படம் படமாக எடுத்தோம். எலி சாய்கிறது, வெளிச்சம் துடிக்கிறது, உடம்பெல்லாம் புழு நெளிவதுபோல் தெரிகிறது.

ப: மூன்றுக்கும் காரணம் வேறுவேறு.

சாய்வது பொம்மைக்குள் எலும்பாக நிற்கும் கம்பி சரியில்லாததால். 20 செ.மீ. பொம்மைக்கு 2 மி.மீ. அலுமினியக் கம்பி இரண்டை முறுக்கிப் போடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், வளைத்துவிட்டுக் கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே துள்ளும். பாதத்தில் கம்பியை வளையமாக விட்டு, தெர்மாகோல் தரையில் குண்டூசியால் குத்துங்கள்.

துடிப்புக்குப் போனில் வெளிச்சத்தையும் நிறத்தையும் லாக் செய்யுங்கள். ஜன்னலை மூடி, விளக்கொளியில் மட்டும் எடுங்கள். அப்படியும் துடித்தால் உங்கள் சட்டையைப் பாருங்கள். வெள்ளைச் சட்டையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் பொம்மைமேல் விழும். கறுப்புச் சட்டை போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று கிளிக் செய்யுங்கள்.

நெளிவது உங்கள் விரல் தடம். தொடும்போதெல்லாம் கம்பளி இழை வேறு பக்கம் படியும். முதுகில் ஒரே இடத்தைப் பிடித்து நகர்த்துங்கள், கை கால்களைப் பின்னல் ஊசி முனையால் தள்ளுங்கள். நொடிக்கு 12 படம் போதும். நடக்கத் தொடங்கும்போதும் நிற்கப்போகும்போதும் நகர்வைப் பாதியாகக் குறைத்தால், எலிக்கு நிஜமான எடை இருப்பதுபோல் தெரியும்.