பையில் மின்சிகரெட் கிடைத்தால்? சிங்கப்பூர் வாசகர்களுக்குக் கேள்வி பதில்

பல ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளிகளில் ஆலோசகராக இருந்தவள் நான். இப்போது வட்டாரச் சமூக மன்றத்தில் பெற்றோருடன் பேசுகிறேன். வேப், அதாவது மின்சிகரெட், பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா, உயர்நிலை மூன்று படிக்கும் மகனின் பென்சில் பையில் மின்சிகரெட் இருந்தது. உதவி கேட்டுப் போன் செய்தால் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? (ஈசூன் தாய்)

மாட்டார்கள். பிடிபடுவதற்கு முன் தானாக முன்வந்து உதவி கேட்பவருக்குத் தண்டனை கிடையாது. விட உதவும் தொலைபேசிச் சேவையின் எண் 1800 438 2000. இந்த ஒரு வரி தெரியாததால் எத்தனையோ வீடுகளில் மாதக்கணக்கில் மூடி மறைக்கிறார்கள். அதற்குள் பிள்ளை பள்ளிக் கழிப்பறையில் மாட்டிக்கொள்கிறது.

ஆனால் போனை எடுப்பதற்கு முன் அவனிடம் பேசுங்கள். ஒரு தாய் அந்தக் கருவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "இது இல்லாம எத்தனை மணி நேரம் இருக்க முடியுதுப்பா?" என்று மட்டும் கேட்டார். பையன் நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஒரு பாடவேளை முழுசா முடியல" என்றான். அப்பா கத்தியிருந்தால் அந்தப் பதில் வந்திருக்காது.

சிங்கப்பூரில் வேப் தடை பழையதுதானே? 2025இல் ஏன் திடீரென்று இவ்வளவு கெடுபிடி?

பழையதுதான். 2018 பிப்ரவரி 1 முதல் வைத்திருப்பதும் வாங்குவதும் பயன்படுத்துவதும் குற்றம். நிலைமையை மாற்றியது கேபாட். எட்டோமிடேட் கலந்த வேப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எட்டோமிடேட் என்பது மருத்துவமனையில் நோயாளியை மயக்க ஊசிவழி கொடுக்கும் மருந்து. புகையாக இழுக்க உருவாக்கியதே இல்லை. இழுத்தவர்கள் நடைபாதையில் தள்ளாடுவதையும் கைகால் வெட்டி இழுப்பதையும் காட்டும் காணொளிகள் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். பறிமுதல் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட வேப்களைச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் அது இருந்ததாக 2025 ஜூலையில் சுகாதார அமைச்சர் ஓங் யீ காங் தெரிவித்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அதைச் சட்டப்படி 'சி' பிரிவு போதைப்பொருளாக அறிவித்தார்கள்.

பிள்ளைகளிடம் நான் சொல்வது இதைத்தான்: மாம்பழ வாசனை என்று டெலிகிராமில் வாங்குகிறாய், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

அபராதம் எவ்வளவு?

2025 செப்டம்பர் 1இல் வந்த விதிப்படி சொல்கிறேன். முதல் முறை சிக்கினால் 18 வயதுக்குக் கீழே 500 வெள்ளி, 18 வயதும் அதற்கு மேலும் 700. இரண்டாம் முறை மறுவாழ்வுத் திட்டத்துக்கும் போக வேண்டும். மூன்றாம் முறை நீதிமன்றம். 2,000 வெள்ளி வரை போகும். கேபாட் என்றால் கதையே வேறு. கடத்தி வருபவருக்கு 3 முதல் 20 ஆண்டு சிறை, அதோடு பிரம்படி.

எனக்கு 19 வயது. இரண்டு தடவை விட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் மூன்றாம் நாளே திரும்பிவிட்டேன். என்னிடம்தான் கோளாறா?

இல்லை தம்பி. முதல் மூன்று நான்கு நாள்தான் மிகக் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பாடத்தில் மனம் நிற்காது. வேப்பில் வரும் நிக்கோட்டின் உப்பு தொண்டையைக் கரிக்காது. அதனால் எவ்வளவு இழுக்கிறோம் என்றே தெரிவதில்லை. சிகரெட்டாவது எரிந்து முடியும், இது முடிவதே இல்லை.

இந்த முறை தேர்வு வாரத்தில் தொடங்காதீர்கள். விடுமுறையில் தொடங்குங்கள். ஆசை எழும்போது சில நிமிடம் தாக்குப்பிடித்தால் தணிந்துவிடும். கீழே இறங்கி ஒரு சுற்று நடங்கள், குளிர்ந்த நீர் குடியுங்கள். யாருடன் சேர்ந்து இழுக்கிறீர்களோ அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், தெரியும். தனியாக முடியவில்லையென்றால் மேலே சொன்ன எண்ணை அழையுங்கள். அழைப்பது தோல்வி ஆகாது.

ஜோகூர் பாருவிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறேன். என் சொந்த உபயோகத்துக்கு ஒன்று கொண்டுவரலாமா, அண்ணி?

வேண்டாம். சொந்த உபயோகம் என்ற விலக்கே இங்கு இல்லை. அபராதத்தோடு வேலை அனுமதியும் போகலாம்.

பள்ளிகளில் நடத்தும் விழிப்புணர்வு உரைகளால் பயன் உண்டா?

கறுத்த நுரையீரல் படத்தைத் திரையில் காட்டும் உரை என்றால், என் அனுபவத்தில் இல்லை. பின்வரிசையில் சிரிப்புதான் கேட்கும். விட்டுவிட்ட மூத்த மாணவர் ஒருவர் வந்து பேசினால் அரங்கம் அமைதியாகிவிடும். சுவரொட்டிக்குச் செலவழிப்பதைவிட, சிக்கிய பிள்ளையைத் தாமதமின்றி ஆலோசகர் முன் உட்கார வைப்பதே மேல். தண்டனைக் கடிதம் உடனே கிடைத்துவிடுகிறது. ஆலோசகர் சந்திப்புக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறையை நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன்.

வீட்டில் கிடைத்ததை எங்கே போடுவது?

இதற்கென்றே சமூக மன்றங்களில் தொட்டி வைத்திருக்கிறார்கள். போட்டுவிட்டுப் போகலாம், அபராதம் இல்லை. வீட்டுக் குப்பைக் குழாயில் மட்டும் தள்ளிவிடாதீர்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, நசுங்கினால் தீப்பிடிக்கும்.